ஆழம் தெரியாமல் இறங்கிய படை... 1971-ல் நடந்தது என்ன?

மதுரை கோச்சடையில் வைகையில் தண்ணீர் வந்துவிட்டால், பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஆழம் தெரியாம காலை விடாதே!” கணுக்கால் அளவுதான் என்று நினைத்து நடப்போம், அடுத்த அடியில் பள்ளம் இருக்கும். இது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரிய ராணுவங்களுக்கும் பொருந்தும் பாடம்.

1971 டிசம்பர். வங்கதேச விடுதலைப் போர் முடியும் நேரம். பாகிஸ்தான் படையினர் தெற்கே பர்மாவுக்குத் தப்பிவிடக்கூடாது என்பதற்காக, காக்ஸ் பஜார் கடற்கரையில் வீரர்களை இறக்க இந்தியா முடிவு செய்தது. கொல்கத்தாவிலிருந்து கூர்க்கா வீரர்கள் கப்பலில் கிளம்பினார்கள். கடலில் இறங்கிக் கரையேறுவதற்கு அவர்கள் போதிய ஒத்திகை பார்க்கவில்லை. கரையோர ஆழமும் சரியாக அளக்கப்படவில்லை.

டிசம்பர் 14. ‘கரியால்’, ‘குல்தார்’ என்ற இரண்டு தரையிறக்கக் கப்பல்கள் கரையை நெருங்கின. ஆனால், கரைக்கு முன்பே மணல் திட்டு தடுத்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஆழமான பள்ளம்! ஆயுதமும் மூட்டையும் சுமந்து இறங்கிய வீரர்களில் இருவர் மூழ்கி இறந்தார்கள். இத்தனைக்கும் கரையில் எதிர்த்துச் சுட எதிரிகள் யாரும் இல்லை. மற்றவர்கள் பிறகு படகுகளில்தான் கரை சேர்ந்தார்கள். டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

இதற்கு 21 வருடங்களுக்கு முன்பு, கொரியப் போரில் நடந்தது நேர்மாறு. தலைநகர் சியோலுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்சோன் துறைமுகத்தைப் பிடிக்க அமெரிக்கா திட்டமிட்டது. அங்கே கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் சுமார் 9 மீட்டர் வித்தியாசம். வற்றினால் எங்கு பார்த்தாலும் சேறுதான். அதனால் யூஜின் கிளார்க் என்ற கடற்படை அதிகாரி முன்கூட்டியே பக்கத்துத் தீவுக்கு ரகசியமாகப் போனார். இரவில் சேற்றில் இறங்கிச் சோதித்தார். கலங்கரை விளக்கையும் ஏற்றி வைத்தார். 1950 செப்டம்பர் 15-ல், கடல் ஏறும் நேரம் பார்த்து காலையில் ஒரு படையும் மாலையில் மற்ற படைகளும் இறங்கின. துறைமுகம் கைக்கு வந்தது.

பீரங்கியும் விமானமும் எவ்வளவு இருந்தாலும், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் ஒருவர் இறங்கிப் பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டதற்கு, காக்ஸ் பஜாரில் இரண்டு குடும்பங்கள் விலை கொடுத்தன.

அடுத்த முறை ஆற்றங்கரையில் பெரியவர்கள் சத்தம் போட்டால், கோபப்படாமல் கேளுங்கள்!