வைஃபை வருது... டெஸ்க்டாப்ல மட்டும் நெட் வரலையா? சர்வீஸுக்கு போன் போடும் முன் இதைப் பாருங்க!

டி.என்.பி.எஸ்.சி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அல்லது, பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலை உறுதிசெய்ய வேண்டிய மாலை. இப்படி ஒரு நாளாகப் பார்த்துத்தான் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் அந்த உலக உருண்டைப் படம் வந்து உட்காரும். `நோ இன்டர்நெட்'. அப்பாவின் போனில் வீடியோ ஓடுகிறது, பாட்டியின் டேப்லெட்டில் சீரியல் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்றும் திறக்கவில்லை.

அடுத்து நடப்பதும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். நெட் கம்பெனிக்கு போன் போட்டால், ``உங்க லைன் நல்லா இருக்கு மேடம், கம்ப்யூட்டர்ல பிரச்னை, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க'' என்பார்கள். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால், ``சிஸ்டம் ஓகே சார், நெட்காரங்ககிட்ட கேளுங்க'' என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு நாள் ஓடிவிடும். சில இடங்களில் `மதர்போர்டு போயிடுச்சு' என்றும் சொல்லிவிடுவார்கள். அது பல ஆயிரம் ரூபாய்ச் சமாசாரம்.

பழுது எந்த இடத்தில் என்பதை வீட்டில் இருப்பவர்களே கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். இருப்பது நான்கே இடங்கள்: வெளியிலிருந்து வரும் லைன், ரவுட்டர், லேன் கேபிள், கம்ப்யூட்டர். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், மிச்சமிருப்பதுதான் குற்றவாளி.

முதலில் வெளி லைன். போனில் வைஃபை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. வைஃபையில் நெட் வரவில்லை என்றால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். `போன்ல வருதே' என்று நாமும் நம்பிவிடுவோம். எனவே, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் வந்தால் வெளி லைன் சரி. வரவில்லை என்றால் ரவுட்டரின் முகத்தைப் பாருங்கள். ஃபைபர் இணைப்புள்ள பெட்டிகளில் `எல்.ஓ.எஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ, மினுக்கினாலோ கண்ணாடி இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. கம்பெனிக்கு போன் போட்டு, `எல்.ஓ.எஸ் சிவப்பு' என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டர் மீது பழிபோட முடியாது.

லைன் சரி, போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால்தான் நம் வேலை ஆரம்பம்.

விளக்கு எரிகிறதா?

எதையும் மாற்றுவதற்கு முன், எந்த செட்டிங்கிலும் கை வைப்பதற்கு முன், கம்ப்யூட்டரின் பின்பக்கம் லேன் கேபிள் செருகியிருக்கும் துளையைப் பாருங்கள். டார்ச் தேவையில்லை; இருட்டாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் துளையின் ஓரத்தில் பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் சின்ன விளக்குகள் இருக்கும். எரிந்தால், கம்ப்யூட்டரும் ரவுட்டரும் ஒன்றையொன்று உணர்கின்றன என்று பொருள். ரவுட்டர் பக்கமும் இதே கதைதான். சில ரவுட்டர்களில் துளைக்கு அருகில் விளக்கு இருக்காது, முன்பக்கத்தில் `லேன் 1', `லேன் 2' என்று எரியும்.

விளக்கே எரியவில்லை என்றால் சாஃப்ட்வேர், வைரஸ், விண்டோஸ் என்று எதையும் யோசிக்க வேண்டாம். முதல் சந்தேகம் கேபிள் மீதுதான்.

லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். கதவு இடுக்கில் நசுங்கினாலும், மேஜைக் கால் ஏறினாலும், எலி பல் வைத்தாலும் ஏதாவது ஒரு கம்பி அறுந்துவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைவிட அதிகம் நடப்பது முனையில் இருக்கும் ஜாக்கின் பிளாஸ்டிக் கிளிப் உடைவது. செருகும்போது `டிக்' என்ற சத்தம் வந்தால்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். கிளிப் உடைந்த கேபிள் துளைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். வீடு பெருக்கும்போது சி.பி.யூ அரை இஞ்ச் நகர்ந்தால் போதும், வெளியே வந்துவிடும். `நேத்து வரைக்கும் நல்லா இருந்தது, திடீர்னு போயிடுச்சு' என்பதற்குப் பல வீடுகளில் துடைப்பம்தான் காரணம்.

கேபிளைச் சோதிக்கும் வழி எளிது. முதலில் ரவுட்டரில் வேறு லேன் துளைக்கு மாற்றிச் செருகுங்கள். அப்போதும் விளக்கு வரவில்லையா? வேறு ஒரு கேபிளைப் போடுங்கள். வீட்டில் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடம் கடன் வாங்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், துளை, செட்டிங் என மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு நெட் வந்தால், எது சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி போனால் பழைய கதைதான்.

கேபிள்தான் குற்றவாளி என்றால் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. சுவரோடு ஆணி அடித்து மாடிவரை ஓட்டியிருக்கிறார்கள், மாற்ற முடியாது என்றால், முனையை மட்டும் வெட்டி புது ஜாக் போட்டுத் தருவார்கள். கடைகளில் `கிரிம்பிங்' என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கேபிள் முழுதாகச் சாகாமல் பாதி செத்தும் இருக்கலாம். 100 எம்.பி.பி.எஸ் வேகத்துக்கு நான்கு ஜோடிகளில் இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் பல நேரம் நெட் நிற்காது, வேகம் மட்டும் 100-க்கு இறங்கிவிடும். 300 எம்.பி.பி.எஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் எப்போது சோதித்தாலும் 94, 95 என்றே காட்டினால், கேபிளையும் ரவுட்டரின் லேன் துளையையும் சந்தேகப்படலாம். சில ரவுட்டர்களில் லேன் துளைகளுக்கே 100தான் வரம்பு. அது எத்தனை என்று கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது சந்தாதாரரின் உரிமை.

விளக்கு எரியுது, நெட் மட்டும் இல்லை!

இப்போது செட்டிங்ஸ் பக்கம் போகலாம். விண்டோஸில் `செட்டிங்ஸ்', அதில் `நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் `ஈதர்நெட்'. அங்கே `ஐபிவி4 அட்ரஸ்' என்று ஓர் எண் இருக்கும். அது 192.168 என்றோ, 10 என்றோ ஆரம்பித்தால் ரவுட்டர் கொடுத்த விலாசமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

169.254 என்று ஆரம்பித்தால் கதை வேறு. `எனக்கு ஒரு விலாசம் கொடு' என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, சரி என்று தானே ஒரு விலாசத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு வெளி உலகத்துக்குப் போக முடியாது. ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால், கேபிள் தவறான துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். தனி ரவுட்டர்களில் `வேன்' என்று நிறம் மாறி ஒரு துளை இருக்கும். அது வெளி லைனுக்கானது. கம்ப்யூட்டர் கேபிளை அதில் செருகினாலும் விளக்கு எரியும், நெட் வராது. ஒட்டடை அடித்துவிட்டு கேபிள்களைத் திரும்பச் செருகிய நாளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சமீபத்தில் நெட் கம்பெனியை மாற்றிய வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. பழைய லோக்கல் கேபிள்காரர் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நிலையான விலாசத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். அப்போது அது தேவைப்பட்டிருக்கும். புது ரவுட்டரின் விலாச வரிசை வேறாக இருந்தால், கம்ப்யூட்டர் பழைய வீட்டு எண்ணையே சொல்லிக்கொண்டு நிற்கும். போன்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது என்பதால் அவற்றில் மட்டும் நெட் வரும். அதே ஈதர்நெட் பக்கத்தில் `ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் `மேனுவல்' என்று இருந்தால் `ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். கீழே `டி.என்.எஸ்' என்ற இடத்தையும் அப்படியே மாற்றலாம். மாற்றுவதற்கு முன் பழைய எண்களை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விலாசம் சரி, இன்னும் வரவில்லை. `கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று தட்டுங்கள். இது கூகுளின் பொது டி.என்.எஸ் சர்வர். `ரிப்ளை' என்று வரிசையாக வந்தால், உங்கள் கம்ப்யூட்டர் வெளி உலகத்தைத் தொட்டுவிட்டது. இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்தான் மக்கர் செய்கிறது அல்லது எப்போதோ போட்ட இலவச வி.பி.என், பிராக்ஸி செட்டிங் ஏதோ குறுக்கே நிற்கிறது.

தேதியைப் பாருங்கள்

பழைய டெஸ்க்டாப்களுக்கே உரிய ஒரு விநோதம் இது. நெட் இணைந்திருப்பதாகக் காட்டும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது, `பாதுகாப்பற்ற இணைப்பு' என்று பிரவுசர் பயமுறுத்தும். திரை மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடங்கள் பின்னால் போயிருக்கலாம். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் கடிகாரம் தன் பிறந்தநாளுக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் கணக்கில் அவை இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் பிரவுசர் மறுத்துவிடுகிறது. தேதியைச் சரிசெய்தால் அன்றைக்கு வேலை நடக்கும். அப்புறம் சி.ஆர் 2032 என்ற பேட்டரியை வாங்கி மாற்றச் சொல்லலாம். மிகவும் மலிவு.

ரீஸ்டார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. `ஷட் டவுன் பண்ணிட்டு திரும்ப போட்டேனே' என்பார்கள். விண்டோஸில் `ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம்தான். உள்ளே இருக்கும் சில விஷயங்களை அப்படியே சேமித்து வைத்து மறுபடி எழுப்பும். `ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லை என்றால், ஷட் டவுன் செய்து, பவர் வயரையே கழற்றி, ஆன் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி செருகிப் பார்க்கலாம். திணறி நிற்கும் லேன் சிப் சில நேரம் இதில் எழுந்துகொள்ளும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு `ரீசெட்' துளை இருக்கும். ஆர்வத்தில் குத்திவிடாதீர்கள். கம்பெனி உள்ளே போட்டு வைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகலாம். அதுவரை போனில் வந்துகொண்டிருந்த நெட்டும் போய், பாட்டியின் சீரியலும் நின்றுவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை, விண்ணப்பத்துக்கு நேரம் முடியப்போகிறது என்றால் உடனடி வழி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை அதன் சார்ஜர் கேபிளாலேயே கம்ப்யூட்டரில் செருகி, போன் செட்டிங்ஸில் `யூ.எஸ்.பி டெதரிங்' போடுங்கள். கம்ப்யூட்டருக்கு போன் வழியாக நெட் வந்துவிடும். போன் வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே பகிரும், டேட்டா செலவாகாது. அதுவே நல்ல சோதனையும்கூட. டெதரிங்கில் எல்லாத் தளமும் திறந்தால் விண்டோஸும் பிரவுசரும் நன்றாகத்தான் இருக்கின்றன. கேபிளையும் ரவுட்டர் துளையையும் செட்டிங்கையும் ஏற்கெனவே கழித்துவிட்டதால், மிச்சமிருப்பது கம்ப்யூட்டரின் லேன் துளையும் அதன் டிரைவரும் மட்டுமே.

துளையே போயிருந்தாலும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. யூ.எஸ்.பி-யில் செருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. `விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, அதான் நெட் வரலை, புது சிஸ்டம் வாங்கிடுங்க' என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மை. அதனால் பாதுகாப்புக் கவலை உண்டு, அதைத் தனியாக யோசிக்க வேண்டும். ஆனால், அந்தக் காரணத்துக்காக லேன் இணைப்பு அறுந்துபோகாது.

லேன் துளைகள் சாவதற்கு இடி மின்னல் ஒரு முக்கியக் காரணம். ஃபைபர் இழையில் மின்சாரம் பாயாது. ஆனால், ரவுட்டரின் பவர் அடாப்டர் வழியாகவும், மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவிவரும் செம்பு லேன் கேபிள் வழியாகவும் மின்னழுத்தம் உள்ளே பாயும். லோக்கல் கேபிள்காரர்களின் இணைப்புள்ள தெருக்களில், ஒரு பெரிய இடிக்குப் பிறகு வரிசையாக வீடுகளில் நெட் போவது இதனால்தான். வானம் கறுத்து தூரத்தில் இடி கேட்கும்போதே கம்ப்யூட்டர், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றி வைத்துவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் கேபிளைத் தொட வேண்டாம்.