திரும்பி அடிக்கும் செயின் சா... தப்பிப்பது எப்படி?

''தென்னந்தோப்பில் பட்டுப்போன மரங்களை அறுக்க, பெட்ரோலில் ஓடும் செயின் சா வாங்கியிருக்கிறோம். பக்கத்து ஊரில் ஒருவர் கிளை அறுக்கும்போது மெஷின் எகிறி, தோள்பட்டையில் வெட்டிவிட்டது. 'கையில் பலம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். உண்மையா?''

- வாசகர், பேராவூரணி.

உண்மையில்லை. மெஷின் எகிறுவது கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், அடி விழுந்த பிறகுதான் கை சுதாரிக்கும். எனவே, எகிறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

ஏன் எகிறுகிறது?

செயின், பாரின் மேல்பக்கத்தில் நுனியை நோக்கி ஓடி, நுனியைச் சுற்றி வளைந்து, கீழ்ப்பக்கமாக உங்களை நோக்கித் திரும்புகிறது. நுனியின் மேல் கால்வட்டம்தான் ஆபத்தான இடம். அது ஒரு கட்டையில் பட்டால், பல் வெட்ட முடியாமல் சிக்கும். அந்த வேகம் முழுவதும் பாரைத் தூக்கி உங்கள் முகம், கழுத்து, தோளை நோக்கி வீசிவிடும். அறுக்கும் கிளையைப் பார்ப்பவர்கள், அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் கிளையைக் கவனிப்பதில்லை. நுனி போய் முட்டுவது அங்கேதான். எனவே, முதலில் அரிவாளால் சிறு குச்சிகளைக் கழித்து, நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். நுனியால் குத்தி அறுக்கவே கூடாது.

பிடிக்கும் முறை

இடது கை முன் கைப்பிடியில், வலது கை பின் கைப்பிடியில் இருக்க வேண்டும். இடது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இதுதான் முறை. இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். பாருக்கு நேராக நிற்காமல், சற்று இடதுபுறம் விலகி நின்றால், மெஷின் எகிறினாலும் தலைக்கு நேராக வராது. தோள் உயரத்துக்கு மேல் அறுப்பதும், ஏணியில் நின்றுகொண்டு அறுப்பதும், ஒற்றைக் கையால் அறுப்பதும் கூடவே கூடாது.

பிரேக்கைக் கழற்றாதீர்கள்

முன் கைப்பிடிக்கு எதிரில் உள்ள தடுப்பு, வெறும் மறைப்பு கிடையாது. மெஷின் எகிறும்போது மணிக்கட்டு அதில் மோதினால் செயின் நின்றுவிடும். 'இடைஞ்சலாக இருக்கிறது' என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. தினமும் வேலை தொடங்கும் முன், இரு கைகளாலும் பிடித்து மெஷினை ஓடவிட்டு, மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளிப் பாருங்கள். செயின் உடனே நிற்காவிட்டால், சரிசெய்யும் வரை மெஷினைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது மெஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும்.

செயினைக் கவனியுங்கள்

மழுங்கிய செயினை அழுத்தி அறுக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் பிடி நழுவும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. வேகமாக அறுக்கும் என்று அதை அளவுக்கு மேல் அராவினால், எகிறும் ஆபத்து கூடும். தரையில் கிடக்கும் தென்னையை அறுக்கும்போது செயின் மண்ணில் படாதபடி கட்டை கொடுத்துத் தூக்கிக்கொள்ளுங்கள். வேலியோரப் பூவரசில் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும், பார்த்துவிட்டு அறுங்கள்.

சாய்ந்த மரம்

2018-ல் கஜா புயல் சாய்த்தது போன்ற மரங்களில் இறுக்கம் அதிகம். இரண்டு முனைகளும் தரையில் தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் இருந்தால், முதலில் கீழே, பிறகு மேலே. முறை மாறினால் பார் மரத்தில் இறுகிக்கொள்ளும். கீழிருந்து அறுக்கும்போது மெஷின் உங்கள் பக்கமாகத் தள்ளும். காலை ஊன்றி நில்லுங்கள்.

கைலி, தொங்கும் துண்டு, செருப்புடன் இந்த வேலையில் இறங்கக் கூடாது. முகத்தடுப்புள்ள ஹெல்மெட், காதடைப்பான், தடித்த பேன்ட், பூட்ஸ் அவசியம். தனியாக வேலை செய்யாதீர்கள். வெட்டு விழுந்தால், சுத்தமான துணியை வைத்துக் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடனே 108-ஐ அழையுங்கள். களைப்பு வந்துவிட்டால் மெஷினை அணைத்துவிடுங்கள். மிச்ச மரத்தை நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம்.