கரிக்கும் தரம் உண்டு

இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக் கருவேலை வெட்டி, மூட்டம் போட்டுப் பிழைக்கும் உழவர் பலர். நான்கைந்து டன் விறகு வெந்து ஏறத்தாழ ஒரு டன் கரியாகிறது. அக்கரி எடை பார்த்து வாங்கப்படுகிறதேயன்றிக் குணம் பார்த்து வாங்கப்படுவது அரிது. இது நமக்குப் பெரும் இழப்பென்றே கருதுகிறோம்.

மரக்கரியின் அருமை அதன் நுண்துளைகளில் உள்ளது. காற்றும் நீராவியும் அவற்றுள் எளிதில் புகுவதால், கற்கரியினும் விரைவாக அது எரிவாயுவாகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம் பேருந்துகளை ஓட்டியது கரிவாயு அன்றோ? பிரேசில் நாட்டில் யூகலிப்டஸ் கரியால் இன்றும் இரும்பு உருக்குகின்றனர்.

ஆயின் எல்லாக் கரியும் இதற்கு உதவாது. அரைவேக்காட்டுக் கரியின் தார் எஞ்சினை அடைக்கும். கடுஞ்சூட்டில் நெடுநேரம் வெந்த கரிக்கு வினைபுரியும் ஆற்றல் குன்றும். மண் கலந்தால் சாம்பல் மிகும். நொறுங்கிய தூள் உலையில் காற்றோட்டத்தைத் தடுக்கும். மண்மூட்டத்தில் இவற்றைக் கட்டுப்படுத்துவது கடினம், செங்கற்சூளையில் எளிது. தனியொருவர் சூளை கட்டுதல் இயலாது, சங்கம் கட்டலாம். கரியைத் தரம் பிரித்து, ஆலைகளுக்கு நேரே விற்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1830களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலை வீழ்ந்ததற்குக் கரிப் பஞ்சமும் ஒரு காரணம். ஆதலின் காட்டு மரத்தைத் தொடலாகாது. வயலை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலே நமக்குப் போதும். சங்கங்கள் இவ்வாண்டே முன்வருமாறு வேண்டுகிறோம்.