மின்சாரம் இல்லாத இரவில் எத்தனை மீன்?

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. தெருக்கள் கால்வாய்களாயின. புதுச்சேரியிலும் கடலூரிலும் விழுப்புரத்திலும் உள்ள வாசகர்கள் அந்த இரவை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் மாலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது.

அப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி இருந்தது. 3 அடி நீளம், சுமார் 150 லிட்டர் உப்பு நீர், அதில் 14 மீன்கள். கோமாளி மீன், டாம்செல் மீன், வண்ணத்துப்பூச்சி மீன், சர்ஜன் மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஆசையோடு வாங்கிச் சேர்த்திருந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தேன். அத்தனை மீன்களும் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விடிந்தபோது மூன்றுதான் உயிரோடு இருந்தன.

புயலின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் அந்த மீன்களைக் கொன்றது நான் சேர்த்த கூட்டம்தான். வாயுக்களின் கரைதிறனையும் விரவலையும் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் கற்பித்து வருகிறேன். அந்தப் பாடத்தை என் வீட்டுக் கூடத்தில் மறந்து போனேன். கடைசி இரண்டு மீன்களை வாங்கி வந்த அன்று ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "அம்மா, இது காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி இருக்கு" என்றாள். நான் சிரித்துவிட்டுப் போனேன்.

உங்களில் சிலர் வீட்டிலோ பள்ளியிலோ கடல் மீன் தொட்டி வைத்திருக்கலாம், வைக்க ஆசைப்படலாம். ஒரு தொட்டி எத்தனை மீன்களைத் தாங்கும்? கண்ணாடியின் நீளத்தையும் பம்பின் விலையையும் பார்த்து இதற்கு விடை சொல்லாதீர்கள். மின்சாரம் இல்லாத ஓர் இரவைக் கடந்து வரக்கூடிய மீன்கள் எத்தனையோ, அத்தனைதான் அந்தத் தொட்டிக்கு உரியவை. இதுவே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஐந்து மணி நேரத்துச் சேமிப்பு

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நீரிலோ மிகக் குறைவு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். வெப்பநிலை 30 டிகிரி ஆனால் அது 7.5 ஆகக் குறையும். அதே வெப்பநிலையில் உப்பும் சேர்ந்து கடல் நீரானால் 6 மில்லிகிராமை ஒட்டி வந்து நிற்கும். வெப்பம், உப்பு இரண்டுமே ஆக்சிஜனை நீரிலிருந்து வெளியே தள்ளுகின்றன. நம் ஊர் வெயிலில் ஒரு கடல் மீன் தொட்டி இரண்டு வகையிலும் ஏழைதான்.

இப்போது ஓர் எளிய கணக்கு. புயல் நாள் குளிராக இருந்ததால் என் தொட்டியில் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்ததாகக் கொள்வோம். அது சுமார் 2.5க்குக் கீழே இறங்கினால் மீன்களுக்கு மூச்சு முட்டும். ஆகவே செலவழிக்கக் கூடியது லிட்டருக்கு 4 மில்லிகிராம். 150 லிட்டருக்கு 600 மில்லிகிராம்.

செலவு என்ன? சிறு மீன்கள் 100 கிராம் எடைக்கு மணிக்கு 30 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுப்பதாகத் தோராயமாக வைத்துக்கொள்ளலாம். என் 14 மீன்களும் சேர்ந்து 280 கிராம் என்றால் மணிக்கு 84 மில்லிகிராம். தொட்டியில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அதில் பாதி என்று சேர்த்தால் 126. 600ஐ 126 ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்குக்கூடப் போதாது!

அதே தொட்டியில் 10 கிராம் எடையுள்ள நான்கு சிறு மீன்கள் மட்டும் இருந்திருந்தால்? செலவு மணிக்கு 18 மில்லிகிராம். சேமிப்பு 33 மணி நேரத்துக்கு வரும். அதற்குள் விடிந்திருக்கும், மழையும் விட்டிருக்கும்.

"காற்றிலிருந்து ஆக்சிஜன் நீருக்குள் இறங்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். இறங்கும். ஆனால் அசையாத நீரில் அது நகரும் வேகம் மிக மிகக் குறைவு. 1 செ.மீ. ஆழம் விரவுவதற்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விரவலில் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். 10 செ.மீ. ஆழத்துக்கு இறங்க ஏறத்தாழ 27 நாட்கள்! மீன்கள் நீந்துவதாலும் நீரின் சூடு மாறுவதாலும் ஓரளவு கலக்கம் ஏற்படுகிறது. உண்மையில் இவ்வளவு மோசமாகாது. இருந்தாலும் பம்பின் முக்கிய வேலை என்னவென்று இப்போது புரிகிறதல்லவா? அது மேல் நீரையும் கீழ் நீரையும் ஓயாமல் கலக்குகிறது. அது நின்றால் நீங்கள் கலக்க வேண்டும். ஒரு சொம்பில் நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். அன்று நானும் மகளும் மாறி மாறி அதைத்தான் செய்தோம். மிஞ்சிய மூன்றும் அதனால் பிழைத்தவை. ஆனால் நாங்கள் தொடங்கியது நள்ளிரவுக்குப் பிறகு.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

மூச்சு முட்டுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்து அம்மோனியா. மீன்கள் அதைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக வெளியேற்றுகின்றன. மிஞ்சி அழுகும் தீனியிலிருந்தும் அது வரும். ஒரு வகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வடிகட்டி என்று நாம் சொல்வது உண்மையில் இந்த பாக்டீரியாக்களின் குடியிருப்பே.

கடல் நீரின் பி.எச். மதிப்பு சுமார் 8.1. நடுநிலையான நன்னீரோடு ஒப்பிட்டால், கடல் நீரில் அம்மோனியா நச்சு வடிவில் இருக்கும் பங்கு பத்து மடங்கை ஒட்டி அதிகம். நன்னீர்த் தொட்டியில் மன்னிக்கப்படும் கூட்டம் கடல் நீர்த் தொட்டியில் மன்னிக்கப்படுவதில்லை. பாக்டீரியாக்களும் இலவசமாக வேலை செய்வதில்லை. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற அவற்றுக்குச் சுமார் 4.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மீன் கூடினால் அம்மோனியா கூடும்; அம்மோனியா கூடினால் ஆக்சிஜன் செலவும் கூடும்.

இன்னொன்று. நீங்கள் ஒரு மீனும் புதிதாக வாங்காமலே தொட்டியில் நெரிசல் வரும். ஒரு மீனின் நீளம் இரட்டித்தால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும்; நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிக்கின்றன அல்லவா? ஆக்சிஜன் தேவை எட்டு மடங்காகாவிட்டாலும் ஐந்து மடங்கை எட்டும். கடையில் விரல் நீளம் இருந்த சர்ஜன் மீன் வளரும், தொட்டி வளராது. 'இத்தனை அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்' என்று சொல்லும் விதிகள் இதனால்தான் ஏமாற்றுகின்றன. மீன்களை எண்ணாதீர்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள், எடையை நினையுங்கள்.

பெரிய பம்பு தீர்வாகுமா?

"பெரிய வடிகட்டி, இரண்டு பம்பு, ஓர் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டால் போதாதா?" என்று நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று கடற்கரை ஊரில் எல்லாத் தொட்டிக்கும் வேண்டும். ஆனால் கருவிகளை நம்பி மீன்களைக் கூட்டினால், கருவி நிற்கும் நேரத்தில் வரும் சாவையும் சேர்த்தே கூட்டுகிறோம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் வந்தபோது பல இடங்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. எந்த இன்வெர்ட்டர் அத்தனை நாள் தாங்கும்?

நைட்ரேட்டை நீக்கப் பெரும்பாலும் நாம் நீரைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேரும் தொட்டியில், வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறீர்கள் என்று கொள்வோம். சில மாதங்களில் நைட்ரேட் 50 மில்லிகிராமில் வந்து நிற்கும். ஏனெனில் 50இல் ஐந்தில் ஒரு பங்கு 10. மீன் பாதியானால் அது 25இல் நிற்கும். அதே உழைப்பு, பாதி அழுக்கு. எந்தப் பம்பும் இந்தக் கணக்கை மாற்றாது.

ஆகவே நெரிசலான தொட்டி உங்களிடம் இருந்தால் இவற்றைச் செய்யுங்கள். புதிய மீன் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். தீனியைக் குறையுங்கள், நெரிசலில் பட்டினியைவிடத் தீனி ஆபத்தானது. குறைந்துபோன நீருக்கு நன்னீரையே ஊற்றுங்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்குகிறது. பிறகு ஒரு பகலில், பெரியவர் ஒருவரும் அருகில் இருக்கும்போது, பம்பை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். அதற்குள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்தால் உடனே பம்பைப் போடுங்கள். உங்கள் தொட்டி உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

மிகுதி மீன்களை என்ன செய்வது? கடைக்கோ, இடம் உள்ள நண்பருக்கோ கொடுங்கள். கடற்கரைச் சாலைக்குப் போய்க் கடலில் விட்டுவிட வேண்டாம். அந்த மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது, என்ன நோயைச் சுமக்கிறது என்பது நமக்குத் தெரியாது. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் உரிய சிங்க மீன், 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலில் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே அதற்குக் காரணம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

இனி வாங்குவதானால் எங்கே பிறந்த மீன் என்று கேளுங்கள். நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீனுக்காக எந்தப் பவளப்பாறையும் வெறுமையாவதில்லை. கடல் குதிரையையும் பாறை அமைக்கும் பவளங்களையும் கேட்கவே கேட்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன.

1832ஆம் ஆண்டில் ழான் வில்ப்ரு பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, இத்தாலியின் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்தார். அர்கோனாட் என்னும் சிறு கணவாய் இனம் தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறு உயிரின் ஓட்டைத் திருடுகிறதா என்று அறிய விரும்பினார். தானே செய்துகொள்கிறது என்று கண்ணாடி வழியே பார்த்து நிரூபித்தார். ஒரு கேள்விக்காக ஒரு தொட்டி!

எங்கள் தொட்டியில் இப்போது அந்த மூன்று மீன்கள் மட்டுமே உள்ளன. வருகிறவர்கள், "வெறிச்சென்று இருக்கிறதே!" என்கிறார்கள். என் மகள் ஒரு நோட்டில் நாள்தோறும் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் குறித்து வருகிறாள். சென்ற வாரம் இரவு மின்சாரம் நின்றது. நான் பதறி எழுந்தேன். "மூணுதானேம்மா இருக்கு, தூங்குங்க" என்றாள் அவள். கணக்கை அவள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.