நாற்று நுனியைக் கிள்ளலாமா?

கேள்வி: "தண்டுத்துளைப்பான் முட்டையை ஒழிக்க, நெல் நாற்றின் நுனியைக் கிள்ளி நடச் சொல்கிறார்கள். கிள்ளினால் இலைக்கருகல் வரும் என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?"
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: இரண்டுமே சரிதான். வயலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். போன சம்பாவில் பாக்டீரியா இலைக்கருகல் வந்த வயல் என்றாலும், அப்படிப்பட்ட வயலின் வடிகால் நீர் வந்து பாயும் வயல் என்றாலும் கிள்ள வேண்டாம். முட்டைக் குவியல் தெரியும் நாற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு நடுங்கள். மற்ற வயல்களில் கிள்ளலாம். கிள்ளிய நுனிகளை வயலிலேயே போட்டுவிடாதீர்கள்.

இந்தப் பாக்டீரியா ஆயிரத்தை வரிசையாக வைத்தாலும் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரு முனையில் வால் போன்ற இழை உண்டு. அதைச் சுழற்றி நீந்தும். ஆனால் அவ்வளவு சிறிய உயிருக்குத் தண்ணீரே கருப்பட்டிப் பாகு மாதிரிதான். வால் நின்றால் அந்தக் கணமே அதுவும் நின்றுவிடும். வயல்விட்டு வயல் நீந்திப் போக அதனால் ஆகாது. பாயும் நீரும் காற்றோடு அடிக்கும் மழையும்தான் சுமந்து செல்கின்றன. வாலின் வேலையெல்லாம் இலையில் நிற்கும் ஒரு துளி நீருக்குள்தான். காலையில் நெல் நுனியில் நிற்கும் துளி எல்லாமே பனி அல்ல. செடியே நுண்துளை வழியாகக் கசியவிடும் நீரும் உண்டு. வெயில் ஏறும்போது அதில் கொஞ்சம் உள்ளே திரும்பும். பாக்டீரியாவும் கூடவே போய்விடும். நுனியைக் கிள்ளினாலோ, நீரேற்றும் குழாய்களின் வாயையே திறந்துவிட்டது போல. உள்ளே பெருகி, பசை போன்ற பொருளைச் சுரந்து குழாயை அடைத்துவிடும். இளம் பயிரில் முழுத் தூரே வாடிச் சாவதும் உண்டு.

அதைத் தண்டுத்துளைப்பான் என்று நினைத்துப் பூச்சிமருந்துக்குச் செலவழிப்பவர்கள் நிறைய. துளைப்பான் தாக்கிய நடுக்குருத்து இழுத்தால் கையோடு வரும்; இது வராது. இலையில் சந்தேகம் என்றால், பச்சையும் கருகலும் சேரும் இடத்தில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்க நிறுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற கலங்கல் இழையாக இறங்கினால் பாக்டீரியாதான்.

நோய் உறுதியானால் யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த வயல் நீரை அடுத்த வயலுக்குத் திருப்ப வேண்டாம். நூறு லிட்டர் நீரில் 20 கிலோ புதுச் சாணத்தைக் கரைத்துத் தெளியவைத்து வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம்.

துங்ரோவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது வைரஸ், வாலும் இல்லை, தண்ணீரிலும் வராது. பச்சைத் தத்துப்பூச்சிதான் அதன் வண்டி.