திரை யாருக்குச் சொந்தம்?

இந்தோனேஷியாவில் புதியதொரு கலைப் பட்டாளம் எழுந்து நிற்கிறது. கொட்டகை வேண்டாம், படமுதலாளி வேண்டாம், கையில் ஒரு செல்போன் போதும். நடிப்பு, பாட்டு, கேலி, ஊர்ப்பேச்சு அனைத்தும் யூடியூபிலும் டிக்டாக்கிலும் ஏறுகின்றன. 2019இல் அட்டா ஹலிலிந்தர் என்ற இளைஞர் ஒரு கோடி யூடியூப் சந்தாதாரர்களைச் சேர்த்துவிட்டார்.

முன்பு அந்நாட்டுத் திரை யார் கையிலிருந்தது? 1962இல் தொடங்கிய டெலிவிஷன் சர்க்கார் வசம். 1989இல் வந்த முதல் தனியார் டெலிவிஷனோ, சர்வாதிகாரி சுகார்த்தோவின் மகனுடைய கம்பெனி வசம்! 1965-66இல் லட்சக்கணக்கான மக்கள் கொன்று குவிக்கப்பட்டதை அத்திரை மறைத்தது. சுகார்த்தோ 1998இல் வீழும்வரை, சர்க்கார் எடுத்த கம்யூனிஸ்ட் விரோதப் படத்தையே ஆண்டுதோறும் காட்டியது.

அந்த மதிலில் இன்று பெரும் உடைப்பு ஏற்பட்டுவிட்டது. 2020இல் யூடியூபில் வந்த ‘திலிக்’ என்ற சிறுபடத்தைப் பாருங்கள். ஜாவா மொழி பேசும் கிராமத்துப் பெண்கள் லாரியில் ஏறி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஊர்த்தலைவியைப் பார்க்கப் போகிறார்கள், வழிநெடுக வம்பளக்கிறார்கள். இதுதான் கதை. கோடிக்கு மேல் பார்வை! 2019 தேர்தலுக்கு நான்கே நாள் முன்பு வந்த ‘செக்ஸி கில்லர்ஸ்’ படமோ, நிலக்கரித் தொழிலில் இரு அணிப் பிரமுகர்களுக்கும் உள்ள பங்கை அம்பலப்படுத்தியது. அதையும் கோடிக்கணக்கில் பார்த்தார்கள். ஜனங்களுக்கு மட்டமான ரசனைதான் என்ற பேச்சு பொய் என்பதற்கு வேறு சாட்சியமும் வேண்டுமா?

ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறது? யூடியூப் அமெரிக்க கூகுளுடையது. நீண்ட வீடியோவுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 100க்கு 45 பங்கு கம்பெனிக்கு. அதுவும் 1,000 சந்தாதாரரும், கம்பெனி விதித்த அளவு பார்வையும் சேர்ந்த பிறகுதான் கலைஞன் பங்கு கேட்கலாம். காமிராவும் உழைப்பும் அவனுடையவை. கணக்குப் புத்தகம் கம்பெனியுடையது. உழுகிறவன் ஒருவன், களத்துமேட்டில் வாரம் அளப்பவன் வேறொருவன்! கோடீஸ்வரரான ஒரு சிலரைக் காட்டி ஆயிரமாயிரம் இளைஞர்களை இழுப்பது, பரிசு விழுந்தவனைக் காட்டி லாட்டரிச் சீட்டு விற்கும் வேலையே.

2025 ஆகஸ்டில் எம்.பி.க்களின் வீட்டுப்படியை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். மாதம் 5 கோடி ரூப்பியா. ஜகார்த்தா குறைந்தபட்சக் கூலியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு! அவ்வேளை டிக்டாக் தன் நேரலையைச் சில நாள் நிறுத்திவைத்தது. போராட்டத்தைக் காட்டியவனுக்கும் வாய்ப்பூட்டு; நேரலையில் சரக்கு விற்றுப் பிழைத்தவனுக்கும் வயிற்றில் அடி. மேடையின் சாவி யாரிடம் என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

கணக்கு வெளிப்படையாக வேண்டும். பங்கு விகிதத்தைக் கம்பெனி மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பேசியவனைச் சிறைக்கனுப்பும் சட்டப் பிரிவுகள் ஒழிய வேண்டும். இவை தனியொருவனால் ஆகிற காரியமல்ல; சங்கமாகத் திரண்டால்தான் ஆகும். ஆலையிலும் வயலிலும் நாம் கற்ற பாடம் இது. திரையில் உழைப்பவனுக்கும் இதுவே பாடம்!