335 கிலோமீற்றரும் எங்கட ஆறும்

போன மாரியில ஊரில ஒரு பின்நேர வகுப்பில பத்தாம் தரப் பிள்ளைகளோட இருந்தன். ஒரு தம்பி புவியியல் கொப்பியை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, கண்ணை மூடி ஒப்புவித்தான்: "இலங்கையின் மிக நீளமான நதி மகாவலி கங்கை. நீளம் 335 கிலோமீற்றர்." ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"சரி தம்பி, இஞ்ச மழையே இல்லாத நாளிலயும் எங்கட ஆறு ஏன் பெருகுது?" எண்டு கேட்டன். முழிச்சான். வெருகல் ஆறு மகாவலியின் ஒரு கிளை, மலைநாட்டில பெய்யிற மழைதான் நம்மட வயலுக்குள்ள வந்து நிக்குது எண்டு அவன் யோசிச்சதே இல்லை. கொப்பியில இருந்த ஆறு வேற, அவன் குளிக்கிற ஆறு வேற.

அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. காலையில நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறவன். பிழை எங்க எண்டால், முதலாம் தரத்தில எழுத்துக்கூட்டப் பழக்கினதுக்குப் பிறகு, எப்படி வாசிக்கிறது எண்டு அவனுக்கு யாருமே சொல்லித் தரவில்லை. வீட்டிலயும் பள்ளிக்கூடத்திலயும் ஒரே சொல்தான்: "படி, படி." அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, திரும்பத் திரும்ப வாசித்துப் பாடமாக்குவது.

இந்த வழி நம்மை ஏமாற்றும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பந்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழு அதை நாலு தரம் வாசித்தது. இன்னொரு குழு ஒரு தரம் மட்டும் வாசித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் மூன்று தரம் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தரம் வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு ஏறக்குறைய 40 வீதம்தான் நினைவிருந்தது; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். பரீட்சை மண்டபத்தில் "நேற்று ராத்திரி வடிவாத் தெரிஞ்சதே" எண்டு நாம முழிக்கிறது இதனாலதான். கண்ணுக்குப் பழகினதை எல்லாம் மனதுக்குத் தெரியும் எண்டு நம்பிவிடுகிறோம்.

யோசித்தால் இது நமக்குப் புதிசும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில ஏட்டை மூடிவிட்டு வாத்தியார் முன்னால ஒப்புவிக்கத்தானே வேணும்? மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கிற அந்தப் பழக்கம் நல்லது. ஒப்புவித்ததுக்குப் பிறகு "இதுக்கு என்ன கருத்து?" எண்டு கேட்க ஆளில்லாமல் போனதுதான் நட்டம். அந்தக் கேள்வியை நாமே நம்மைக் கேட்க வேண்டும்.

அதைச் செய்ய ரியூசன் தேவையில்லை. 1980இலிருந்து பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. நம்மில் பலர் அதுக்கு உறை போட்டு வைத்துவிட்டு, யாரோ சுருக்கின நோட்ஸையும் பாஸ்ட் பேப்பரையும்தான் வாசிக்கிறோம். பாடநூலை எடுங்க. முதல் ஐந்து நிமிடம் தலைப்பு, படம், வரைபடம், கடைசியில இருக்கிற கேள்விகளை மட்டும் பாருங்க. ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்றுங்க. "மகாவலியின் வடிநிலம்" எண்டு இருந்தால், "இந்தத் தண்ணி எங்க இருந்து வருது, எங்க போகுது?" எண்டு எழுதுங்க. பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு பகுதியை மட்டும் வாசிங்க. புத்தகத்தை மூடுங்க. தங்கச்சிக்குச் சொல்லுற மாதிரி உங்கட சொல்லில சொல்லுங்க, இல்லாட்டி எழுதுங்க. விட்டுப்போனதைத் திறந்து பாருங்க. இரண்டு நாள் கழித்து ஒருக்கா, அடுத்த கிழமை ஒருக்கா, புத்தகத்தைத் திறக்க முதல் அதே கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்க. பாஸ்ட் பேப்பர் அதுக்குப் பிறகுதான். ஹைலைட்டரால பக்கம் முழுக்க மஞ்சள் பூசுறதை விட இது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்திலதான் பாடம் பதியுது.

"வயல் வேலை, தண்ணி அள்ளுறது, தம்பி தங்கச்சியைப் பார்க்கிறது, இதுக்குள்ள நேரம் எங்க?" எண்டு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் நேரம் குறைந்தவருக்குத்தான் இந்த முறை கூடுதலாகத் தேவை. தண்ணிக்குடம் தூக்கிக்கொண்டு வரும்போது பாடநூலைத் திறக்க ஏலாது, காலையில வாசித்ததைச் சொல்லிப் பார்க்க ஏலும்.

இன்னொண்டும் இருக்கு. 2006இல் ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துச் சனம் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்து போனபோது எத்தனை பிள்ளைகளின் கொப்பிகள் வீட்டோட போயின! வெள்ளம் வரும்போது இப்பவும் முதலில நனைகிறது புத்தகப் பைதான். விளங்கி வாசித்ததைத் தண்ணி கொண்டுபோகாது. அதனாலதான் இதை வெறும் பரீட்சை விஷயமாக என்னால பார்க்க முடியவில்லை. மேல எங்க மழை பெய்தால் நம்மட ஊருக்குள்ள எப்ப தண்ணி வரும் எண்டு வாசித்து அறியக்கூடிய பிள்ளை, ஊருக்கும் தேவையான பிள்ளை.

அண்டைக்கு அந்தத் தம்பியிடம் வரைபடத்தைக் கொடுத்து, கடலிலிருந்து பின்னோக்கி விரலை வைத்துக்கொண்டு போகச் சொன்னன். கண்டி தாண்டி மலைக்குப் போனதும் நிமிர்ந்தான். "அப்ப கண்டியில மழை பெய்தால் நாங்க சாமானை மேல ஏத்த வேணும், என்ன அண்ணா?" எண்டான்.

335ஐ அவன் மறந்தாலும் இதை மறக்கமாட்டான்.